ஐந்து மணிக்குக் கதிரையில் இருந்தவர்கள்

வந்திருந்தோர்: கட்சியின் கற்பிட்டிக் கிளைத் தலைவர் ஹயாத்து முகம்மது, மிதவாதி. வெங்காயத் தோட்டக்காரர் முனாஸ், மிதவாதி. கருவாட்டு வியாபாரி உசனார், கடும்போக்கு. கடலுக்குப் போகும் யூட், கடும்போக்கு. தலைவரின் மனைவி ஜெமீலா, மகளிர் அணி. பெண்கள் பெயரும் வேண்டும் என்று சட்டம் வந்தபோது தலைவர் எழுதிப்போட்ட பெயர் அது. கணவர் மிதவாதி என்பதால் அவரும் மிதவாதி.

இடம் தலைவர் வீட்டு முன்னறை. பிரதேச சபையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஆளும் பக்கத்தோடு சேர்ந்தால் தலைவருக்கு உப தவிசாளர் பதவி. சேராவிட்டால் எதிர்க்கட்சி வரிசையில் நான்கு வருடம் கொட்டாவி. வாக்குச் சமமாக வந்தாலும் அதே கொட்டாவிதான்.

மாவட்ட அமைப்பாளர் சரியாக ஐந்து மணிக்குத் தொலைபேசியில் வருவார். அந்நேரம் கதிரையில் இருப்பவர்களின் கையை மட்டுமே எண்ண வேண்டும். போன முறை கொல்லைப்புறம் போனவரின் கையையும் சேர்த்து எண்ணியதில் இரண்டு கதிரைகள் உடைந்தன.

"எங்கட இறங்குதுறைக்கு ஒரு லைட் போடாதவனுகளோட என்ன சேர்றது?" என்றான் யூட்.

"சேர்ந்தாத்தானே போடுவாங்க," என்றார் முனாஸ். "எதிர்க்கட்சியில இருந்து கத்தினா லைட் எரியுமா?"

உசனார் வாதாடவில்லை. மூன்றுக்கு இரண்டு என்பது அவருக்குத் தெரியும். ஐந்து மணிக்கு ஜெமீலா குசினியில் நின்றால் இரண்டுக்கு இரண்டு.

"தங்கச்சி, இன்னொரு தேத்தண்ணி கிடைக்குமா?"

அது நான்காவது. ஜெமீலா எழுந்து போனார். வந்தவர்கள் குடிக்கும்போது வீட்டுக்காரர் சும்மா இருக்க முடியாது என்று ஹயாத்துவும் ஒவ்வொரு முறையும் குடித்தார். சீனி வருத்தக்காரர் என்பதால் அவருக்குச் சீனி போடாத தனிக் கோப்பை. பெரியது.

"உப தவிசாளர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தன பேர் வருவாங்க?" தட்டத்தை வைத்தபடி ஜெமீலா கேட்டார்.

"குறைஞ்சது அம்பது பேர்," என்றார் ஹயாத்து பெருமையாக. "ஒருத்தரையும் வெறும் வாயோட அனுப்ப ஏலாது."

ஜெமீலா வெறுங்கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

ஐந்தாவதுக்கு உசனார் வாயைத் திறந்தபோது ஹயாத்துவுக்கு விளங்கிவிட்டது. "போதும் உசனார். கொள்கையில வெல்ல ஏலாம தேத்தண்ணிக் கேத்தல வச்சு வெல்லப் பாக்கிறீங்க. புள்ள, நீ இனிக் கதிரைய விட்டு எழும்பாத."

"ஓம்," என்றார் ஜெமீலா.

ஐந்துக்கு ஆறு நிமிடம் இருந்தது. ஹயாத்து கால்மேல் கால் போட்டார். மாற்றிப் போட்டார். நெற்றி வேர்த்தது.

"தலைவர் நிலைப்பாட்ட மாத்துறார் போல," என்றான் யூட்.

"நீ ஒன்ட வேலயப் பாரு." ஹயாத்து எழுந்துவிட்டார். "ரெண்டு நிமிஷத்துல வாரேன். ஒருத்தரும் அசையக் கூடாது."

முற்றத்துக் கோடியில் இருந்த கக்கூசுக்கு அவர் ஓடியதை நால்வரும் பார்த்தார்கள்.

"துவாய் இல்லாமப் போறாரே," என்று ஜெமீலா துவாயொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனார்.

"ராத்தா, கதிரை," என்று முனாஸ் கத்தினார். உசனார் மேலே பார்த்து நன்றி சொன்னார்.

ஆனால் ஜெமீலா ஒரு நிமிடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். துவாய் தோளிலேயே கிடந்தது. சரியாக ஐந்துக்குத் தொலைபேசி அடித்தது.

"தலைவர் வரட்டும் ஐயா," என்றார் முனாஸ்.

"எனக்கு இன்னும் எட்டுக் கிளை இருக்கு," என்றது தொலைபேசி. "சேர வேண்டாம் எண்டவங்க கையத் தூக்குங்க."

உசனார் தூக்கினார். யூட் தூக்கினான். வளையல்கள் சரிய மூன்றாவதாக ஒரு கை எழுந்தது.

"ராத்தா, அது மற்றப் பக்கம்," என்றார் முனாஸ்.

"தெரியும்," என்றார் ஜெமீலா. கை இறங்கவில்லை.

உசனாரால் நம்ப முடியவில்லை. பின் கதவைப் பார்த்துக்கொண்டே, தலைவர் வந்துவிடுவதற்குள் எண்ணி முடிக்க அவசரப்பட்டு, இரண்டு முறை தவறாக எண்ணினார்.

"ஆறுதலா எண்ணுங்க நானா, கக்கூசுக்கு வெளிக் கொண்டியப் போட்டுட்டுத்தான் வந்தேன்."