லத்தீன் தெரிந்த கம்ப்யூட்டர்

"கம்ப்யூட்டரை இப்படிப் பண்ணி வெச்சது யாரு?"

பங்குச் சாமியாராகப் பொறுப்பேற்று நாலே நாள் ஆன ஜெயபிரகாஷ் அடிகளார் போட்ட சத்தத்தில், மாதா கோயில் அலுவலக வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

"நாந்தாங்க சாமி," என்றாள் கோகிலவாணி. அந்த அலுவலகத்தில் டைப்பிங், ஃபைல், டீ எல்லாமே அவள்தான்.

சாமியார் ஒரு ஞானஸ்நானச் சான்றிதழை நீட்டினார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன ஒருவர், அங்கே யாருக்கும் புரியவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்திருந்தார். தேதி இருக்க வேண்டிய இடத்தில் 'ஃபேரியா குவின்தா' என்று மாத்திரைப் பெயர் மாதிரி ஏதோ அச்சாகியிருந்தது.

"என்ன இது?"

"வியாழக்கிழமைங்க. லத்தீனுங்க. ஸ்க்ரீன்ல மட்டுந்தான் அப்படி வருமுங்க, அச்சு தமிழ்லதான் வரும். நேத்து எப்படியோ மாறிப்போச்சுங்க."

"பனமரத்துப்பட்டிப் பக்கம் லத்தீன் பேசறது யாரும்மா?"

"பெரிய சாமிக்காகங்க..."

பெரிய சாமி என்றால் சின்னராஜ் அடிகளார். பெயர்தான் சின்னராஜ். வயது எண்பத்து மூன்று. சில மாதங்களுக்கு முன்பே ஓய்வு பெற்று, கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறார்.

"ரிட்டயர் ஆனதுல இருந்து ரூமை உட்டு வெளிய வரலீங்க. சோறும் எறங்கலை. சும்மா வந்து சான்றிதழாச்சும் அடிச்சுக் குடுங்கன்னு கூப்பிட்டேனுங்க. 'நான் சாமியார் படிப்பே லத்தீன்ல படிச்சவன். உன்ற பொட்டிக்கு லத்தீன் தெரிஞ்சாச் சொல்லு, வாரேன்'னு சொல்லிப்போட்டாருங்க."

கோகிலவாணி விடவில்லை. இணையத்தில் தேடி, யார் யாரிடமோ கேட்டு, கம்ப்யூட்டரின் மொழி, தேதி அமைப்புகளைத் துருவி, ஏழு கிழமைகளையும் பன்னிரண்டு மாதங்களையும் லத்தீனுக்கு மாற்ற இருபது நாள் ஆனது. மறுநாளே பெரிய சாமி வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு டாண் என்று ஆஜர்.

"இப்பல்லாம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடறாருங்க."

"அதெல்லாம் சரி. ஒருத்தர் பிடிவாதத்துக்காக ஆபீசே ஆட முடியாது. இன்னிக்கே மாத்திடு."

"மாத்தினா மறுக்காவும் ரூமுக்குள்ளாற போயிருவாருங்க சாமி."

"நானே அவர்கிட்ட பேசிக்கறேன்."

பத்து மணிக்குப் பெரிய சாமி வந்தார். கோகிலவாணி டீ வாங்கப் போனாள். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று ஜெயபிரகாஷ் அடிகளார் கதவருகே தயங்கி நின்றார்.

பெரிய சாமி சுற்றுமுற்றும் பார்த்தார். மேசை டிராயரைப் பாதி திறந்தார். உள்ளே செவ்வாய்ப்பேட்டை மளிகைக்கடை ஒன்று கொடுத்த, தினமும் தாள் கிழிக்கிற காலண்டர். அதைப் பார்த்துவிட்டு, ஸ்க்ரீனில் இருந்த மாதங்களை விரல்விட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறாவது வரியில் நிறுத்தி, ஜூன் மாதத்தைக் கண்டுபிடித்தார்.

"ஃபாதர், காலண்டர் எதுக்கு?"

பெரிய சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிராயரைப் படக்கென்று மூடினார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. லத்தீனெல்லாம் மறந்து முப்பது வருசமாச்சு. கம்ப்யூட்டருன்னா பயம். எந்தப் பொட்டிக்கு லத்தீன் தெரியப்போவுதுன்னு அன்னிக்கு அப்படிச் சொல்லித் தப்பிச்சேன். அந்தப் புள்ளை இருபது நாள் பாடுபட்டு முடிச்சுட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு வந்து நின்னா பாருங்க... எனக்கு மறந்துபோச்சுன்னு எந்த வாயால சொல்றது? அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

ஜெயபிரகாஷ் அடிகளார், டீயோடு வந்த கோகிலவாணியிடம், "அச்சை மட்டும் சரி பண்ணிடும்மா. ஸ்க்ரீன்ல லத்தீனே இருந்துட்டுப் போகட்டும்," என்றார். அவள் முகத்தைப் பார்த்தபோது, காலையிலேயே இப்படிப் பேசியிருக்கலாம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஏதோ ஃபைல் தேடி அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

கோகிலவாணி மட்டும் இருந்தாள். மேசை டிராயர் திறந்திருந்தது. காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, இன்றைய தேதி மேலே தெரியும்படி வைத்துக்கொண்டிருந்தாள்.

அவரைக் கண்டதும் திருதிருவென்று விழித்தாள்.

"கிழிக்க மறந்துருவாருங்க. அப்பறம் தேதி தப்பாயிருமுங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவருக்கு லத்தீன் மறந்துபோச்சுங்க சாமி. அது எனக்குத் தெரியும்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிராதீங்க."