ஒரே ஊரில் ஒரு வாரம்

“ஹோய் ஆன்கிற பழைய ஊருக்கு ஒரு நாள் போதும். அப்புறம் அரண்மனை, குகை, தீவு. ஒரு வாரத்துல வியட்நாமையே ஒரு சுத்து சுத்திடலாம்!” கணவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

“வேண்டாங்க. வாரம் பூரா அந்தப் பழைய ஊர்லயே இருப்போம்” என்றாள் மனைவி, அடுத்த அறையிலிருந்து.

“அங்கே அவ்வளவு நாள் என்ன பண்றது?”

“ஒரு டிரெஸ் தைக்கக் கொடுக்கணும். தெருவுக்குத் தெரு தையல் கடையாமே.”

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. “இதுக்குக் கடல் தாண்டிப் போகணுமா? இங்கே ஊசி நூலுக்குப் பஞ்சமா? அதுவும் அங்கே ஒரே நாள்ல தைச்சுக் கொடுத்துடுவாங்களாம். மீதி நாள்?”

“அவசரமே இல்ல, மெதுவா தைக்கட்டும். அளவு கொடுக்க ஒரு நாள், போட்டுப் பார்க்க ஒரு நாள், பிடிக்கலேன்னா பிரிச்சுத் தைக்க இன்னொரு நாள்.”

“உன்னோட மல்லுக்கட்ட என்னால முடியாது!” லேப்டாப்பைப் படாரென்று மூடினார்.

வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டுப் பெண் துணிப்பையோடு நுழைந்தாள்.

“அக்கா, சாயந்திரம் பார்ட்டி. உடனே தைச்சுக் கொடுங்க!”

“நாளைக்கு வாம்மா.”

“முடியாதுக்கா. வாங்காம நகர மாட்டேன்!”

கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, மனைவி எழுந்து வந்தாள். அந்தப் பெண்ணைக் கையைத் தூக்கச் சொல்லி அளவெடுத்துக்கொண்டே கணவரைப் பார்த்தாள்.

“கல்யாணமானதிலிருந்து ஊருக்கெல்லாம் நான்தான் அளவெடுக்கறேன். ஒரு தடவையாவது நான் இப்படிக் கையைத் தூக்கிட்டு நிக்கணுங்க. அந்த ஊர் தையல்காரங்க ‘நாளைக்கு வாங்க’ன்னு சொன்னா, சண்டை போடாம நாளைக்கே போவேன்.”