ஒரே சாம்பிள், ரெண்டு தடவ

சுபஸ்ரீ, நான் இன்னும் கதவத் தொறக்கலடி. வெளிய கிரில்லப் புடிச்சிகினு அப்பா நிக்கிறாரு. உள்ள, டிவி முன்னாடியும் அப்பா உக்காந்துகினு இருக்காரு. தம்பி அவரு மடியிலயே தூங்கிட்டான்.

உள்ள இருக்கிறவரு சாயங்காலமே கம்பெனி பஸ்ல வந்துட்டாரு. குளிச்சாரு. சட்னில உப்பு தூக்கலா இருக்குன்னு அம்மாவ வம்புக்கு இழுத்தாரு. அம்மா சிரிச்சிகினே நைட் ஷிஃப்ட்டுக்கு ஒரகடம் கெளம்பிட்டாங்க. அப்புறம்தான் இன்னொருத்தர் வந்து பெல் அடிச்சாரு.

"இன்னா பாப்பா, அப்பாவ வாசல்ல நிக்க வெச்சு வேடிக்க பாக்குற? ஓ.டி. முடிச்சிட்டு வரேன், பசிக்குதும்மா."

அப்பா ஃபேக்டரி லேப்ல கெமிஸ்ட்னு உனக்குத் தெரியும்ல. தண்ணில உப்பு பாக்குற மருந்து பட்டு அவரு வெரலு கறுத்துருக்கும். சோப்பு போட்டாலும் போவாது. வெளிய இருக்கிறவரக் கையக் காட்டச் சொன்னேன். கட்டவெரல்ல பிறைநிலா மாதிரி ஒரு கறை. உள்ள போய்ப் பாத்தேன். அதே வெரலு, அதே பிறை.

எந்த சாம்பிளையும் ரெண்டு தடவ பாக்கணும்னு அப்பா சொல்லுவாரு. ஒத்துப்போவலன்னா மூணாவது தடவ பாப்பாங்களாம். ஒத்துப்போச்சுன்னா ரிசல்ட்ட எழுதிகினு, ரெண்டையும் சிங்க்ல கொட்டிடுவாங்களாம்.

இப்ப உள்ள இருக்கிறவரு டிவிலேர்ந்து கண்ண எடுக்காம கேக்குறாரு: "ரெண்டும் ஒத்துப்போச்சாம்மா?"

வெளிய இருக்கிறவரு கிரில்லப் புடிச்சிகினே என்னையே பாக்குறாரு.

நான் இன்னாடி சொல்றது?