பதினான்கு வரிகள்

"நம் தேயிலையின் மீது உலகமே போர் தொடுத்துவிட்டது!" என்று தொழிற்சாலை வாசலில் முழங்கினார் துரை புவனேஸ்வரன். காலையில் அவருக்குக் கணினி திறக்கவில்லை.

கணினி பார்க்கும் யுவனேஸ்வரியிடம் திரும்பினார். "எவனோ உள்ள பூந்திருக்கான். பன்னெண்டு மணிக்குள்ள பேர் தெரியணும். இல்லன்னா நீதான் திருடி. லைன் வீட்டக் காலி பண்ணு!"

"அம்மாவுக்குச் சொகமில்ல லா, தொர..."

யுவனேஸ்வரி அங்கேயே மடிக்கணினியில், நடப்பதெல்லாம் பதிவாகும் பதிவேட்டைத் திறந்தாள். ஒன்பது லட்சம் வரிகள். --since today என்று சேர்த்தாள். இன்றைய ஒன்பதாயிரம் நின்றது. மணி பதினொன்றே முக்கால். --grep invalid என்று தட்டினாள். இல்லாத பெயரில் நுழையப் பார்த்தவை மட்டும் மிஞ்சின. பதினான்கு வரிகள், ஒரே பெயர்.

"கெடச்சிருச்சு தொர! ஆனா..."

"என்ன ஆனா? காப்பி குடிக்கிற துரோகியாத்தான் இருப்பான். எல்லாருக்கும் கேக்கப் படி!"

"கோப்பி லாகி செடாப்," என்று மலாயில் இருந்ததைப் படித்தாள்.

கொழுந்துக்கூடையோடு நின்ற மணியம்மா விழித்தாள். "காப்பிதான் ருசியாமா? இது யாரு பேரு தொர?"

துரை வேகமாகத் தம் அறைக்கு நடந்தார்.

அது யார் பெயரும் இல்லை. பெயர் எழுத வேண்டிய கட்டத்துக்குள், துரை தம் அறையிலிருந்து பதினான்கு முறை தட்டிய அவருடைய கடவுச்சொல்.