குடைக்குக் கீழே

"என்னங்க ஐயா, இன்னும் உடுப்பு மாத்தலையா? ஊர்வலம் கிளம்பப் போகுது!"

டோஃபு கடை நெமோத்தோ பெரிய காகிதக் குடையோடு வாசலில் நின்றார். அரிசிக்கடை கிஜிமா தலை நிமிரவில்லை.

"நான் வரல. வேற ஆளைப் பாரு."

"ஹன்பே விழாவுல அவர் வாரிசு இல்லாம ஊர்வலமா? பக்கத்துத் தெருக்காரன் சிரிப்பானே!"

பல தலைமுறைக்கு முன் வந்த ஒரு பஞ்சத்தில் பிரபுவின் நெற்களஞ்சியத்தை ஊருக்குத் திறந்துவிட்டு, அதற்காகத் தலையைக் கொடுத்தவர் ஹன்பே. வருடாவருடம் இந்தத் தெரு அவருக்கு விழா எடுக்கிறது. அவருடைய வாரிசாகக் கிஜிமா முன்னால் நடக்க, நெமோத்தோ பின்னால் குடை பிடிப்பார். "நேரா பிடிய்யா, டோஃபு மாதிரி ஆடாதே!" என்று கிஜிமா வழி நெடுக விரட்டுவார். பார்க்கிறவர்களுக்கு அதுவும் ஒரு வேடிக்கை.

கிஜிமா ஒரு நைந்த தாளை நீட்டினார்.

"கோயில் கூரையைப் பிரிச்சப்போ கிடைச்சுதுன்னு பிக்கு குடுத்தாரு. ஹன்பேயைக் காட்டிக்கொடுத்தவன் ஜின்பாச்சி. அவன்தான்யா எங்க வம்சத்து மூத்த பாட்டன்னு இதுல எழுதியிருக்கு! நான் ஹன்பே வாரிசே இல்ல. இத்தனை வருஷமா ஊரே என்னைக் கும்பிட்டுச்சு. நினைச்சா உடம்பெல்லாம் கூசுது. எல்லாருகிட்டயும் சொல்லிட்டு, கடையைப் பூட்டிட்டு எங்கயாவது போயிடறேன்."

நெமோத்தோ தாளைப் பிரிக்கவே இல்லை.

"உடுப்பைப் போடுங்க. நேரமாச்சு."

"உனக்கு ஆச்சரியமாவே இல்லையா?"

"எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியுங்க."

கிஜிமாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "தெரிஞ்சுமா குடை பிடிச்சே? காட்டிக்கொடுத்தவன் வம்சத்துக்கு வெயில் படக் கூடாதுன்னா?"

"இது வெயிலுக்குப் பிடிக்கிற குடை இல்லைங்க, கல்லுக்கு. ஹன்பே செத்த மறுநாள், ஜின்பாச்சி பிள்ளைங்களை இந்தத் தெருவே கல்லால அடிச்சுது. ஹன்பேயோட பெண்சாதிதான் ஓடிவந்து, அதுங்களைத் தன் குடைக்குள்ள இழுத்துக்கிட்டு இதே தெருவுல நடந்தாங்க. வருஷாவருஷம் நடந்தாங்க. போகப் போக, குடைக்குக் கீழ நடக்கிறவங்கதான் வாரிசுன்னு ஊரு நினைச்சுக்கிச்சு. நாங்களும் ஒண்ணும் சொல்லிக்கலை."

"நாங்கன்னா... யாரு?"

நெமோத்தோ குடையை விரித்தார்.

"குடை பிடிச்ச அந்த அம்மாவோட வம்சந்தாங்க நான். இன்னிக்கு நேராவே பிடிக்கிறேன், வாங்க."