கட்டிலை விட்டு எழாதவர்

"முதல் குற்றம்: தொழிற்சங்க ஆபீஸை மூடியபோது அங்கே கிடந்த மரக்கட்டிலை யாரையும் கேட்காமல் வீட்டுக்குத் தூக்கி வந்தது.

"இரண்டாவது: அந்தக் கட்டிலோடு மூட்டைப்பூச்சியையும் கூட்டி வந்தது.

"மூன்றாவது: மருந்தடித்த பிறகும், ஹால் சோபாவில் படுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியும், அதே கட்டிலில்தான் படுப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பது..."

தம்பி மனைவி மூச்சு வாங்க நிறுத்தினாள். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர் கையைத் தூக்கினார்.

"நடுவுல நிறுத்தாதம்மா. சார்ஜ் ஷீட்டுன்னா ஒரே மூச்சுல படிக்கணும். ஆலையில எனக்கு எத்தனை படிச்சுக் காட்டியிருக்காங்க! மேனேஜருக்கு இருமல் வந்தாக்கூட நிறுத்த மாட்டான்."

அவள் கணவனுக்கு அண்ணன் அவர். தலை நரைக்கும்வரை ஆலை வாசலில் கொடி பிடித்ததால் எல்லோருக்கும் கொடிக்காரர். இப்போது ஆலையும் இல்லை, சங்கமும் இல்லை. தம்பி வீட்டின் ஓர அறைதான் மிச்சம். அதையும் இன்று காலி செய்யச் சொல்லப்போகிறார்கள்.

அதற்குத்தான் அறை வாசலில் இரண்டு சாட்சிகள். ஒருவர் மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா. பூச்சி மேலே ஏறினால் எல்லோரையும் கிளப்பிவிடுவேன் என்று ஏற்கெனவே சொன்னவர். இன்னொருவர் தம்பி மனைவியின் அப்பா. அண்ணன் எகிறினால் சமாளிக்கத் தம்பி வரவழைத்த ஆள்.

தம்பி ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். குற்றப் பட்டியல் அவன் எழுதியது. "கூடப் பிறந்தவர்கிட்ட நான் எப்படிச் சொல்றது? நீயே படிச்சிடு" என்று மனைவி கையில் திணித்துவிட்டுப் போனவன்தான்.

"நான்காவது: சமையலறைக் கிண்ணங்களை எடுத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, கட்டில் கால்களுக்கு வைத்தது."

"நல்ல கிண்ணமாப் பார்த்தா எடுத்தேன்? நெளிஞ்சதுதானேம்மா" என்றார் கொடிக்காரர்.

அவள் சிரிக்கவில்லை. தாளை மடக்கினாள். அடுத்தது தாளில் இல்லை.

"அஞ்சாவது, நான் சொல்றேன் மாமா. குழந்தை தவழ்ந்து வந்தா, அது மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்துறீங்க. முன்னெல்லாம் தோளை விட்டு இறக்கவே மாட்டீங்க. இப்பத் தொடக்கூட மாட்டேங்கறீங்க. கதவுக்கு வெளியில உட்கார்ந்து அழுவுது. அது என்ன பண்ணுச்சு உங்களை?"

இதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முதல் நாலுக்கு பதில் கிடையாது. அது நிர்வாகம் எழுதினது" என்று ஹால் பக்கம் பார்த்தார். "அஞ்சாவது நீ கேட்கிறது. அதுக்குச் சொல்லணும்."

தொண்டையைச் செருமினார்.

"ஸ்ட்ரைக்குல பிடிச்சு, ஜெயில்ல எங்களையெல்லாம் ஒரே கொட்டடியில போட்டிருந்தாங்க. அங்க வார்டரைவிட மூட்டைப்பூச்சி ஜாஸ்தி. கடி தாங்காம ஒருத்தன் எழுந்து இடம் மாறினா, அதுங்களும் பசியோட கிளம்பும். பக்கத்துல எவன் படுத்திருக்கானோ அவன்மேல ஏறும். ஒருத்தன் அசையாமக் கிடந்தா மத்தவன் தூங்கலாம்."

"அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார் வீட்டுக்காரம்மா.

"முட்டைக்கு மருந்து கேட்காது, மறுபடி வந்து அடிக்கணும்னு மருந்தடிச்சவர் சொல்லிட்டுத்தானே போனார்? அதுவரைக்கும் பொரிச்சு வர்றதுக்கெல்லாம் ரத்தம் வேணுமே. நான் இங்க படுத்தா என்னைத் தேடி வரும், கட்டில்ல ஏறப் பார்த்துக் கிண்ணத்துல விழும். நான் சோபாவுக்குப் போயிட்டா? இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும்மா படுத்திருக்கா?"

சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டில் இருந்தது.

தம்பி மனைவி சுவரைப் பார்த்தாள். விரிசல் நெடுக சங்கத்துப் பழைய நோட்டீஸ்களைக் கிழித்து ஒட்டியிருந்தார் கொடிக்காரர். பழைய பெருமை பேசத்தான் ஒட்டியிருக்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். குனிந்து கிண்ணத்தைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் எள் கொட்டியதுபோல் பூச்சிகள் மிதந்தன.

அவள் அப்பா உள்ளே வந்து, மெதுவாகக் கொடிக்காரரின் முழுக்கைச் சட்டையை மேலே தள்ளினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வரிசை வரிசையாகச் சிவந்த தடிப்புகள்.

"என்ன சம்பந்தி இது?"

"விடுங்க. இதுங்கள்ல ஒண்ணு புள்ளை மேல ஒட்டிக்கிட்டாப் போச்சு. அதான் தூக்கல." சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "கொண்டுவந்தவன் நான். நான்தான் தீர்க்கணும். பாதிப் போராட்டத்துல எழுந்து போய் முதலாளி கார்ல ஏறினவங்களை நிறையப் பார்த்தாச்சு. நான் எழுந்திருக்க மாட்டேன்."

ஹாலில் பேப்பரின் பக்கம் புரண்டு வெகுநேரமாகியிருந்தது.

"கடைசி வரியை இன்னும் படிக்கலையே?" என்றார் வீட்டுக்காரம்மா. குரலில் பழைய காரம் இல்லை.

"படிம்மா" என்றார் கொடிக்காரர். "சாட்சிங்க இருக்கறப்பவே படிச்சிடு. அதுதான் முறை."

தம்பி மனைவி தாளைப் பிரித்தாள். 'ஆகவே, இந்த அறையை இன்றே காலி செய்ய வேண்டியவர்' என்று எழுதி, அதன்கீழே கணவன் தன் அண்ணன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹாலுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"ஆகவே, அடுத்த மருந்து அடிக்கும்வரை இந்தக் கட்டிலில் படுக்க வேண்டியவர்..."

ஹாலில் பேப்பர் கீழே விழுந்தது.

"...குழந்தையின் அப்பா."