இடது பக்க விளக்கு

கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் இருந்த கார் மியூசியத்துக்கு எங்கள் பழைய கார் கிளப் போய்ச் சேர்ந்தது. எல்லாரும் இறங்கினார்கள். அப்பா மட்டும் தலைவலி என்று காரிலேயே இருந்துவிட்டார்.

மியூசியத்தை நடத்தும் நவமணி அக்கா என் காரைத் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரிஜினலா தம்பி?"

"ஆமாக்கா, அப்பா புதுசா வாங்கினது. இடது லைட்டு மட்டும் மாத்தினோம்லா."

"ஏன்?"

"எண்பத்தொம்பதுல இந்த ரோட்டுலதான், மாடு குறுக்க வந்துடுச்சாம்."

அவர் உள்ளே போய், கார் விளக்கின் கண்ணாடிச் சில்லு ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இது எந்தக் காரோடதுன்னு கண்டுபிடிக்கத்தான் இந்த மியூசியமே."

"எங்கக்கா கெடச்சுது?"

"அதே ரோட்டுல. மாடு இல்ல தம்பி, என் கூடப்பொறந்தவன். ஏழு வயசு."

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா உள்ளேயிருந்து கார்க் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.